கறுத்த பாறைகளில் எல்லைக்கோடு எங்கே போடுவது?

பாலைவனத்தில் பாறை வகைகளை வரைபடத்தில் குறிக்கும்போது எல்லாப் பாறையும் கறுப்பாகத் தெரிகிறது, மணற்கல் எங்கே முடிந்து பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகிய பாறை) எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கறுப்பை நம்பாதீர்கள். மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளும் களிமண்ணும் சேர்ந்து படிந்த பூச்சு அது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது, பல வகைப் பாறைகள்மீதும் படியும். சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டி, உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். மணற்கல்லில் குவார்ட்ஸ் மணிகள் சர்க்கரைபோல மினுங்கும். பசால்ட் உள்ளேயும் கருஞ்சாம்பல்தான்.

அப்புறம், சரிவில் கிடக்கும் உதிரிக் கற்களை வைத்துக் கோடு இழுக்க வேண்டாம். பசால்ட் மேலே, மணற்கல் கீழே என்றால் உருண்டு வந்த கற்கள் எல்லையை மூடிவிடும். அசல் எல்லை இன்னும் மேலேதான் இருக்கும். வறண்ட ஓடை அறுத்த கரைகளில் தேடுங்கள். வரைபடத்தில், கண்ணால் பார்த்த எல்லைக்கு முழுக்கோடு, தோராயமானதற்கு இடைவிட்ட கோடு, மணலுக்கு அடியில் போனால் புள்ளிக்கோடு.

இன்னொன்று, பசால்ட்டில் மாக்னடைட் என்ற காந்தக் கனிமம் இருப்பதால் திசைகாட்டி முள் தடுமாறலாம். சற்றுத் தள்ளி நின்று மறுபடி அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.