பிடி-50-க்கு டி-மேக்ஸ் ஃபில்டர் பொருந்துமா?

பொருந்தாது. 2015 மாஸ்டா பிடி-50 3.2 லிட்டர் பிக்கப்புக்கு, "ரெண்டும் ஒரே எஞ்சின்தான்" என்று கடைக்காரர் கொடுத்த இசுசு டி-மேக்ஸ் ஆயில் ஃபில்டர் ஏன் உட்காரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது இசுசு எஞ்சினே இல்லை, ஃபோர்டு ரேஞ்சரில் வரும் ஐந்து சிலிண்டர் டீசல், 3198 சிசி.

அவர் 2020-இல் வந்த புதிய பிடி-50-ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். மாஸ்டா ஃபோர்டை விட்டு இசுசு பக்கம் போய், டி-மேக்ஸின் 3 லிட்டர் எஞ்சினைப் போட ஆரம்பித்தது அதில்தான்.

சந்தேகமென்றால் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி இன்ஜெக்டர்களை (சிலிண்டருக்கு ஒன்று வீதம் டீசலைத் தெளிப்பவை) எண்ணுங்கள். ஐந்து இருந்தால் ஃபோர்டு. (நான்கு இருந்தால் உடனே இசுசு என்று முடிவு கட்டவும் வேண்டாம், ஃபோர்டின் 2.2 லிட்டர் எஞ்சினுக்கும் நான்குதான்.)

ரேஞ்சர் 3.2 ஃபில்டர் கேட்டு வாங்குங்கள், ஆனால் எஞ்சின் ஒன்று என்பதற்காக ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சார் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நம்பாதீர்கள், அவற்றுக்கு வண்டியின் விஐஎன் (அடையாள) எண் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: பழைய ஆயிலை வடியவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள், பத்து நிமிடத்துக்குள் புதிதை ஊற்றிவிடுங்கள். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் காய்ந்துவிட்டால் மறுபடி ஆயிலை இழுக்காமல் போகலாம், பிரஷர் இல்லாமல் ஓடினால் எஞ்சின் போச்சு.