போர்ச்சுகீஸில் தன்னம்பிக்கை பற்றி ஆலோசனை கேட்பது எப்படி?

பெங்களூரில் பிரேசில் டீமோடு வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது நிஜமாகவே உதவும். தன்னம்பிக்கைக்கு அங்கே 'அவுட்டுகொன்ஃபியான்சா' என்பார்கள். 'பிரசீசு ஜி உம் கொன்செல்யு', அதாவது எனக்கு ஒரு ஆலோசனை வேணும், என்று ஆரம்பிக்கலாம். ஆனால் 'வொசே பொதெரீயா மி தார் உம் கொன்செல்யு?', அதாவது எனக்கு ஒரு ஆலோசனை தர முடியுமா, என்பது இன்னும் இதமானது, ஏனென்றால் 'பொதெரீயா' என்ற வினைவடிவம் 'முடிந்தால்' என்று எதிராளிக்கு இடம் விடுகிறது, மல்லேஸ்வரம் கடையில் 'அண்ணா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்' என்று இழுக்கிறோமே, அந்த 'ஏன்' செய்கிற வேலைதான். அப்புறம், மீட்டிங்கில் பேசத் தயக்கமா, மேனேஜரிடம் மறுக்கப் பயமா என்று குறிப்பாகச் சொல்லுங்கள்; பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். 'நீ' அல்லது 'நீங்கள்' என்று பொருள்படும் 'வொசே' எங்கும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை: பிரேசிலில் அது சகஜம், போர்ச்சுகலில் சிலர் காதுக்கு அது மரியாதைக்குறைவு, அங்கே பெயர் சொல்லியே கேளுங்கள்.