சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

கேள்வி: மாலை நேரத்தில் கடற்கரையில் படமெடுத்துப் பழகி வருகிறேன். கையில் இருப்பது ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், எடை குறைந்த ஒரு டிரைபாட். சூரியன் மறையும்போது எடுத்தால் ஒன்று வானம் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் முன்னால் உள்ள பாறைகள் கரிக்கட்டையாகிவிடுகின்றன. சூரியனும் சின்னப் புள்ளியாகத்தான் விழுகிறது. அலையைப் பனிமூட்டம் போல எடுக்க ஷட்டரை மெதுவாக வைத்தால் படம் முழுக்கக் கலங்கிவிடுகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா? ஃபில்டர் வாங்க வேண்டுமா?

பதில்: கேமராவை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் ஒன்றுகூட அதனால் வரவில்லை. சூரியன் தொடுவானத்தைத் தொட்டு மறையும் அந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் பிடித்துவிடப் பார்க்கிறீர்கள். உங்கள் லென்ஸுக்கும் டிரைபாடுக்கும் ஏற்ற வெளிச்சம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் அந்தப் புள்ளி. வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரிதான். படம் பதியும் சென்சாரில் விழும் அதன் உருவம், லென்ஸின் எம்.எம். எண்ணான ஃபோகல் லெங்த்தில் சுமார் 110-இல் ஒரு பங்கு. 18 எம்.எம்.மில் அது 0.16 மில்லிமீட்டர், 55 எம்.எம்.மில் அரை மில்லிமீட்டர். உங்கள் சென்சாரின் அகலமோ 22, 23 மில்லிமீட்டர். பெரிய செம்பந்து வேண்டுமென்றால் 300 எம்.எம்.மாவது தேவை. கையில் உள்ள லென்ஸில் சூரியனைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாறை விளிம்பில் பாதி மறைந்திருக்கும்படி நின்று, லென்ஸ் துவாரத்தை எஃப்/16-க்குச் சுருக்கி (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) எடுத்தால் கதிர்கள் நட்சத்திரமாகப் பிரியும். அப்போது லென்ஸ் முன்னால் யு.வி. ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். படத்தில் பச்சைப் பொட்டுகள் விழ அதுவும் ஒரு காரணம். வியூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. லைவ் வியூவில் திரையைப் பார்த்து எடுங்கள்.

வானம் வெளுப்பதற்குக் காரணம், வெளிச்ச அளவு பார்ப்பதைக் கேமராவிடமே விட்டுவிடுவது. இருட்டுப் பாறையையும் பளீரென்ற வானத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுமே கெடும். மேனுவல் மோடுக்கு மாறுங்கள். ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப்/8, படம் ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாகப் பதிய வேண்டும். சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில், சூரியனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, அதன் பக்கத்து வானத்தை அளந்து ஷட்டரை வையுங்கள். ஒரு படம் எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளையாக வரும் பொது வரைபடம் போதாது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்துக் காட்டுவதைப் பாருங்கள். அந்தியில் முதலில் வலது ஓரத்தில் முட்டுவது சிவப்புதான். பொது வரைபடம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு நிரம்பி, ஆரஞ்சு வானம் தட்டையான மஞ்சள் திட்டாக மாறியிருக்கும். அப்படி முட்டினால் ஷட்டர் வேகத்தை மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் கூட்டிக்கொண்டே போங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). சூரிய வட்டம் மட்டும் வெளுத்தால் பரவாயில்லை. ரா ஃபைலில் பாறையின் இருட்டை இரண்டு ஸ்டாப் வரை நன்றாகவே தூக்கலாம். வெளுத்த வானத்தை மீட்க வழியே இல்லை.

மைனஸ் 2, 0, பிளஸ் 2 ஸ்டாப் என்று வெளிச்சத்தை மாற்றி மூன்று படம் எடுத்து ஒன்றுசேர்க்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் அலை நகர்ந்துகொண்டே இருப்பதால், மென்பொருள் தானாக இணைக்கும்போது நுரை இரட்டை இரட்டையாக வரும். வெளிச்சமான படத்திலிருந்து மற்ற இடத்தை மறைத்து, அதாவது மாஸ்க் போட்டு, பாறையை மட்டும் எடுத்துக்கொள்வது சுத்தமான வேலை. அதைவிடச் சுலபம், காத்திருப்பது. சூரியன் இறங்கிப் பத்து நிமிஷமானால் வானத்துக்கும் பாறைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் வெகுவாகக் குறைந்து, ஒரே படத்தில் இரண்டும் அடங்கும். உயரத்தில் மெல்லிய மேகம் இருக்கும் நாளில் அதிகம் சிவப்பதும் இந்த நேரத்தில்தான். சூரியன் 6 டிகிரி கீழே இறங்கும்வரை இந்த அந்தி நீடிக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் அது 20 நிமிஷத்துக்குச் சற்று மேல்; விலகிப் போகப் போக நேரம் கூடும். வெளிச்சம் மளமளவென்று இறங்குவதால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஷட்டரைத் திருத்துங்கள். நிறச் சமநிலை பார்க்கும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் செம்மையைக் கேமராவே தணித்துவிடும், டேலைட்டில் நிறுத்துங்கள்.

இனி கலங்கல். எங்கிருந்து வருகிறது என்பதைப் படமே சொல்லும். 100 சதவீதம் பெரிதாக்கி, பாறையில் ஒட்டிய ஒரு சிப்பியையோ கூரான விளிம்பையோ பாருங்கள். அது ஒரே திசையில் சின்னக் கோடாக இழுத்திருந்தால் டிரைபாட் அசைந்திருக்கிறது. இழுப்பு இல்லாமல் எல்லாமே மழுங்கியிருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கும், அல்லது எஃப்/22 வைத்திருப்பீர்கள். உங்கள் சென்சார் அளவில் எஃப்/16-க்கு மேல் போனாலே கூர்மை நன்றாகக் குறையும். எஃப்/8-க்கும் 11-க்கும் நடுவில் நில்லுங்கள். 18 எம்.எம்., எஃப்/8-இல் இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிட்டால், ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை போதுமான கூர்மை கிடைக்கும். இருட்டிய பிறகு ஆட்டோஃபோகஸ் தடுமாறும் என்பதால் இதை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் டிரைபாட்தான் குற்றவாளி என்று தோன்றுகிறது. அலை திரும்பும்போது காலடியில் மணல் அரித்துக்கொண்டு போவதை உணர்ந்திருப்பீர்கள். டிரைபாட் காலுக்கும் அதேதான் நடக்கிறது. ஒரு விநாடி எக்ஸ்போஷரில் அது ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே படம் போய்விடும். ஈர மணலில் மூன்று கால்களையும் அகல விரித்து, ஒவ்வொன்றையும் ஆட்டி ஆட்டி 10, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஓரிரு அலை வந்து போகட்டும். கால் இறங்கி நிற்கும். அதற்குப் பிறகு தொடுவானத்தைச் சமன் செய்துவிட்டு எடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். எடைக்காகப் பையைத் தொங்கவிட்டால் அதன் அடி தரையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் ஊஞ்சலாடி அதுவே அசைக்கும். கேமராப் பட்டையைக் கழற்றுங்கள். லென்ஸில் உள்ள, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள், 2 விநாடி டைமர் போடுங்கள். பாறைமேல் நிறுத்த முடிந்தால் அதுதான் உத்தமம்.

பனிமூட்டம் போன்ற கடலுக்கு 15 முதல் 30 விநாடி வேண்டும். பாறையில் அடித்துச் சிதறும் துளியை நிறுத்த 1/1000. இந்த இரண்டைவிட நாங்கள் பரிந்துரைப்பது, அலை திரும்பும்போது மணலில் நுரைக்கோடுகள் நீளும் அரை விநாடி, ஒரு விநாடிப் படம். அலை ஏறி முடித்துப் பின்வாங்கத் தொடங்கும் நொடியில் ஷட்டர் திறக்க வேண்டும், டைமரை அதற்குத் தக்கபடி முன்கூட்டியே அழுத்துங்கள். சூரியன் மறைந்து கால் மணி நேரம் போனால் எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100-இல் ஷட்டர் தானாகவே இந்த வேகத்துக்கு இறங்கிவிடும். மேகத்தைப் பொறுத்து முன்பின் ஆகலாம். எனவே ஃபில்டர் இல்லாமலே தொடங்குங்கள். பிறகு வாங்குவதாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் ஒன்று போதும்: கால் விநாடி 16 விநாடியாகும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைந்திருக்கட்டும். நீண்ட எக்ஸ்போஷரில் விழும் புள்ளிகளை நீக்கும் அந்த வசதி 30 விநாடிப் படத்துக்குப் பின் இன்னொரு 30 விநாடி கேமராவை முடக்கிவிடும். இருப்பதோ இருபது நிமிஷம்.

கடல் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அலை விலகிய ஈர மணல் வானத்தைக் கண்ணாடியாகக் காட்டும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் அந்தப் பிரதிபலிப்பு போய்விடும். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். பத்து நிமிஷம் நின்று எதுவரை ஏறுகிறது என்று பார்க்காமல் டிரைபாடை இறக்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டவும் கூடாது.

உங்கள் கரை கிழக்கு பார்த்ததாக இருந்தால் சூரியனைத் தேடித் திரும்ப வேண்டாம். மறைந்த சற்று நேரத்தில் கடலுக்கு மேலே சாம்பல் நீலப் பட்டை ஒன்றும் அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் எழும். கீழே இருப்பது பூமியின் நிழல். பௌர்ணமியை ஒட்டிய நாளானால் நிலவும் அங்கேதான் வரும்.

உப்புதான் கடைசி எதிரி. கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராக வந்திருந்தால் கேமராவைப் பையிலேயே அரை மணி நேரம் விடுங்கள், ஆவி படியாது. சாரல் காய்ந்த கண்ணாடியை உலர் துணியால் துடைத்தால் உப்புத்தூள் கீறும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். டிரைபாட் கால்களை மணலோடு உள்ளே தள்ளிப் பூட்டாமல், நீட்டியபடியே வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு மடக்குங்கள்.