ஏற்றத்தில் திரும்பி வரும் சத்தம்: இந்தக் காரை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு ஈ.பி.எப். பணம் வந்திருக்கிறது. மாதாமாதம் அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப் போக வேண்டும் என்பதால் கார் பார்க்கிறேன். ஹட்டனில் ஒரு பழைய நிசான் சன்னி எப்.பி. 14 இருக்கிறது. மற்றவர்கள் கேட்பதைவிட மூன்று லட்சம் குறைவு. காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினில் கடகடவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் குறைகிறது, ஏற்றத்தில் திரும்ப வருகிறது. "டெப்பட் சத்தம்தான், சின்ன வேலை" என்கிறார் விற்பவர். வாங்கலாமா ஐயா?

பதில்: தம்பி, இப்போதைக்கு முற்பணம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

காலைச் சத்தம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அந்த சன்னி எஞ்சினில் கிடையாது, அந்த வேலைக்குச் செயின்தான். ஓடித் தேய்ந்த செயின் தளர்ந்துவிடும். இரவெல்லாம் குளிரில் நின்ற வண்டியில் ஒயில் மேலே ஏறும்வரை சில விநாடிகள் எஞ்சினின் முன்பக்கம் கடகடக்கும். அதுவும் செலவுதான், ஆனால் கணக்குப் போட முடிந்த செலவு. டெப்பட் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் சின்னப் பாகம், அதன் சத்தம் வேறு மாதிரி. தையல் மெஷின் ஓடுவதுபோல எஞ்சினின் மேல்பக்கத்தில் மெல்லியதாக, ஒரே சீராக டிக் டிக் என்று கேட்கும்.

என்னைத் தடுப்பது நீங்கள் எழுதிய "ஏற்றத்தில் திரும்ப வருகிறது" என்ற வரிதான். ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பாரம் கூடுகிறது. சூட்டில் ஒயிலும் இளகிவிடுகிறது. அந்த நேரத்தில் எஞ்சினின் அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல கனமாக டக் டக் என்று கேட்டால், அது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெயரிங் போனதாக இருக்கலாம். அப்படியானால் எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். கிராங்க் தேய்ந்திருந்தால் அதையும் கடைந்து எடுக்க வேண்டும். அந்த மூன்று லட்சம் அதற்கே போதாமல் போகலாம். ஒருவேளை, சில்லறை குலுங்குவதுபோல மெல்லிய சத்தமாக இருந்தால் பெற்றோல் எரிவதில்தான் கோளாறு. 92க்குப் பதில் 95 ஒக்டேன் அடித்து ஓட்டினால் குறையும். இந்த இரண்டில் எது என்பதை நேரில் கேட்காமல் என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டெப்பட் சரிசெய்ய எஞ்சினை இறக்கவே வேண்டியதில்லை. உண்மையிலேயே அவ்வளவு சின்ன வேலை என்றால், அதைச் செய்துவிட்டு முழு விலைக்கு விற்பதுதானே அவருக்கு இலாபம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகும் வரிச் சுமையால் பழைய வண்டிக்குக் கிராக்கி இருக்கிறது. அப்படிப்பட்ட சந்தையில் ஒருவர் சும்மா மூன்று லட்சம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பார்க்கப் போகும்போது விற்பவருக்குத் தெரிந்த ஆளை வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸைக் கூட்டிப் போங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காலைச் சத்தத்தை அவர் ஏற்கெனவே போக்கிவிட்டார் என்று அர்த்தம், இன்னொரு நாள் வாருங்கள். அடுத்து டிப் ஸ்டிக்கை இழுத்து ஒயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். பாகு மாதிரி இருந்தால் சத்தத்தை அமுக்கக் கெட்டி ஒயில் ஊற்றியிருக்கலாம். பல வருடங்களுக்கு முன் நான் ஏமாந்தது இதில்தான். சத்தமே இல்லாத வண்டி என்று நம்பி வாங்கினேன். முதல் ஒயில் மாற்றியதோடு அது தட்டத் தொடங்கிவிட்டது.

நம் ஊர்க் குளிரில் காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவது நீராவிதான், எஞ்சின் சூடானதும் நிற்க வேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது.

அதன்பின் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றம்வரை ஓட்டுங்கள். அம்மாவைக் கூட்டிப் போகப் போகிற பாதை அதுதானே. ஹட்டனைவிட நுவரெலியா சுமார் 600 மீற்றர் உயரம். டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது. ஏறும்போது பாஸ் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கட்டும், வெப்பமானி முள்ளையும் கவனிக்கட்டும். திரும்பி இறங்கும்போது எக்ஸிலேட்டரை விட்டு கியரிலேயே வந்து, பிறகு மிதியுங்கள். பின்னால் நீலப் புகை குப்பென்று வந்தால் ஒயில் உள்ளே கசியாமல் தடுக்கும் வால்வு சீல் பக்கமும் வேலை இருக்கிறது.

புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டி "எஞ்சின் பரிசோதனையில் தேறிவிட்டது" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அது புகையை அளக்கிறது, பெயரிங்கை அல்ல. எஞ்சினில் பொறித்த இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அதில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்கும்வரை காசு கொடுக்க வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாமே என்று நினைப்பீர்கள். அது வியாபாரிகள்மீதான முறைப்பாடுகளுக்கு. தன் சொந்தக் காரை விற்கும் தனி ஆளிடம் அது உதவாது. சத்தத்தைக் கேட்டுத் தெரிந்தே வாங்கினீர்கள் என்றும் அவர் சொல்லிவிடுவார்.

பாஸ் செயின்தான் என்று உறுதியாகச் சொன்னால், புது செயின் கிட்டுக்கும் கூலிக்கும் எழுத்தில் விலை வாங்கி, அதையும் காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அப்போதும் கட்டுபடியானால் வாங்கலாம். அடியிலிருந்து வரும் சத்தம் என்றாலோ, அவரே தயங்கினாலோ விட்டுவிடுங்கள். வேறு வண்டி அமையும்வரை கிளினிக் நாளுக்கு மட்டும் ஒரு வேனை ஹயருக்குப் பேசிக்கொள்ளுங்கள். அம்மா இத்தனை வருடம் மலையேறிச் சேர்த்த பணம், அவர் கையிலேயே இருக்கட்டும்.