காரில் ஆயில் மாற்றும் நேரத்தை எந்த விளக்கு காட்டும்? சிவப்பு ஆயில் கேன் படம் எரியும்வரை ஓட்டலாமா?

ஓட்டவே கூடாது. சிவப்பு ஆயில் கேனுக்கும் ஆயில் மாற்றும் நாளுக்கும் சம்பந்தமே இல்லை. அது ஆயில் பிரஷர் விளக்கு. எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் சின்ன பிரஷர் சுவிட்ச், அழுத்தம் ஏறக்குறைய 0.2 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகுதான் அதை எரிய விடும். நல்ல எஞ்சினில் சூடேறி ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) நிற்கும்போதே அழுத்தம் இதைவிட அதிகமாக இருக்கும். ஆகவே விளக்கு எரியும் நேரத்தில் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அடுத்த பங்க் வரை மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்தால், பேரிங் தேய்ந்து கிராங்க் ஷாஃப்ட் கீறி, எஞ்சினை இறக்கிப் பிரிக்கும் வேலையில் போய் நிற்கும்.

சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, ஸ்டார்ட் ஆன சில வினாடியில் அணைவதுதான் இயல்பு. சாவி போட்டும் எரியவில்லை என்றால் சுவிட்சிலோ வயரிலோ கோளாறு, அதையும் தள்ளிப்போடாதீர்கள். வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ மட்டும் மினுக்கினால், சம்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், ஆயில் மிகவும் குறைந்திருக்கலாம். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும் நேரத்தில் பம்ப் காற்றை இழுக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் அதே கேன் மஞ்சளாக எரிந்தால் அளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஆயில் ஊற்ற வேண்டும். அதுவும் மாற்றச் சொல்லும் அறிகுறி அல்ல.

மாற்றச் சொல்வது ஸ்பேனர் படமோ, திரையில் வரும் சர்வீஸ் செய்தியோதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த விளக்கு ஆயிலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறது என்று நம்புகிறார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் அது வெறும் கணக்கு: கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து இத்தனை கிலோமீட்டர், இத்தனை மாதம். பெட்ரோல் கார்களில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்பது பரவலான கணக்கு. அமெரிக்காவில் விற்ற டொயோட்டா கார்களில் 4,500 மைல் ஆனதும் விளக்கு மினுக்கும், 5,000 மைலில் நிலையாக எரியும். ஆயில் தங்கம் போல இருந்தாலும் எரியும், தார் போல இருந்தாலும் அதே இடத்தில்தான் எரியும்.

கிலோமீட்டர் கணக்கு எங்கே தப்புகிறது என்பதை ஒரு சின்ன வகுத்தலில் பார்த்துவிடலாம். நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. ஓடினால் எஞ்சின் சுமார் 167 மணி நேரம் உழைத்திருக்கும். சென்னை நெரிசலில் சராசரி 20 கி.மீ. என்றால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். ஓடோமீட்டரில் ஒரே எண், ஆயிலுக்கு மூன்று மடங்கு வேலை. இதோடு தினமும் மூன்று, நான்கு கி.மீ. மட்டும் ஓடி நிறுத்தினால் ஆயில் முழுசாகச் சூடேறாது; உள்ளே சேரும் நீர்த்துளியும் பெட்ரோலும் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். கையேட்டின் சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்தில் 'கடினமான பயன்பாடு' என்று தனிப் பகுதி இருக்கும். குறுகிய ஓட்டம், தூசி, நீண்ட ஐடில், டாக்ஸி ஓட்டம் எல்லாம் அதில் அடங்கும். அங்கே இடைவெளி பெரும்பாலும் பாதி. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவர் இந்தப் பகுதியைப் பின்பற்றுவதே சரி என்பது என் கருத்து. எளிய விளக்குக்கு இது எதுவும் தெரியாது.

கொஞ்சம் புத்திசாலியான ஏற்பாடு, மீதமுள்ள ஆயுளைச் சதவீதத்தில் காட்டுவது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆயில் லைஃப் சிஸ்டம் எஞ்சின் சுற்றுகளை எண்ணி, வெப்பநிலைக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் கூட்டியோ குறைத்தோ மதிப்பிடும். குளிர்ந்த எஞ்சினின் ஓட்டமும் அளவு மீறிச் சூடான ஓட்டமும் ஆயுளை வேகமாகத் தின்னும். செய்தி வந்த பிறகு 1,000 கி.மீ.க்குள் மாற்ற வேண்டும். செய்தியே வராவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஹோண்டாவின் மெயின்டனன்ஸ் மைண்டரில் 15 சதவீதத்தில் ஸ்பேனர் எரியும், 5 சதவீதத்தில் 'இப்போதே மாற்று' என்று வரும். கூடவே ஓர் எழுத்தும் தெரியும்: 'ஏ' என்றால் ஆயில் மட்டும், 'பி' என்றால் ஆயில், ஃபில்டர், பிரேக் உள்ளிட்ட சோதனைகள். பக்கத்தில் 1 இருந்தால் டயர்களை இடம் மாற்ற வேண்டும்.

இவையும் கணக்குதான். நீங்கள் எந்த கிரேடு ஊற்றினீர்கள், மட்டமான ஆயிலா, ஏர் ஃபில்டர் ஓரத்தில் தூசி நுழைகிறதா, ஆயில் எரிந்து அளவு இறங்கிவிட்டதா எதுவும் இந்தக் கணக்குக்குத் தெரியாது. கடைசிக் கேள்வி முக்கியம். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஆயில் குடிப்பதை இயல்பு என்றே சொல்லும் நிறுவனங்கள் உண்டு. திரையில் 40 சதவீதம் என்று காட்டும்போதே சம்ப் பாதி காலியாக இருக்கலாம். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மாடல்கள் சிலவற்றில் சம்பில் உண்மையான சென்சார் உண்டு. ஆயில் கெடக் கெட அதன் மின்பண்பு மாறுவதை அது அளக்கும். மற்ற வண்டிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

டீசல் கார் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பும்போது, எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, புகைக்குழாயில் சுமார் 600 டிகிரி வெப்பத்தை உண்டாக்கிக் கரியை எரிக்கும். அப்படித் தெளித்ததில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சம்பில் இறங்கும். எரிப்பு முடியும் முன்பே வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால் இது திரும்பத் திரும்ப நடந்து ஆயில் நீர்த்துப்போகும். எஞ்சின் கணினி இதையும் சேர்த்துக் கணக்கிடும் வண்டிகளில், 10,000 கி.மீ.க்கு வெகு முன்பே ஆயில் மாற்றச் சொல்லும். இதைக் கோளாறு என்று நினைத்து விளக்கை மட்டும் அணைத்துத் தரச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சியில்) அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் விளக்கு சொல்வது உண்மை. ஐடில் வேகம் சற்றுக் கூடி, ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றி, சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைக்கும் ஆட்டோ ஸ்டாப் வேலை செய்யாமல் இருந்தால் எரிப்பு நடக்கிறது. அணைக்காமல் பதினைந்து, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிடுங்கள். ஊற்றும் ஆயிலும் சாம்பல் குறைந்த வகையாக, கையேட்டில் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் டிபிஎஃப் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

எந்த வண்டியானாலும் மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். குச்சியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் படுக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள்: நறநறவென்றால் தூசி உள்ளே போகிறது, பெட்ரோலோ டீசலோ வாடை அடித்தால் நீர்த்துவிட்டது, வெயிலில் உலோகத்தூள் மின்னினால் ஏதோ தேய்கிறது. பால் கலந்த காபி நிறம், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்ததைக் காட்டலாம்; ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக அந்த நிறம் இருந்தால் குறுகிய ஓட்டத்தில் படிந்த ஈரமாகவும் இருக்கலாம்.

கடைசியாக ரீசெட். ஆயில் மாற்றினால் விளக்கு தானாகத் திரும்பிப் பூஜ்யத்துக்கு வராது; பேட்டரியைக் கழற்றினாலும் பெரும்பாலான வண்டிகளில் கணக்கு அழியாது. வெளியே மாற்றும்போது மெக்கானிக் ரீசெட் செய்ய மறந்தால் விளக்கு அகாலத்தில் எரியும். மாற்றாமலேயே யாராவது ரீசெட் செய்தால் ஆபத்து அதிகம். பழைய ஆயிலுக்குப் புதிதாக 100 சதவீதம் கிடைத்துவிடும். அப்படித் தவறுதலாக நடந்தால், கடைசியாக மாற்றியதிலிருந்து 5,000 கி.மீ.யில் மாற்றிவிடச் சொல்கிறது ஜெனரல் மோட்டார்ஸ் கையேடு. மற்ற வண்டிகளுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்தால், விளக்கு எப்போது எரிந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் கையில் இருக்கும்.