கிண்டியில் திரியும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் யார் பூச்சி மருந்து கொடுக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: அவர் வீட்டுப் பூனை எலி பிடித்துத் தின்கிறது. நாடாப்புழு வரும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் அவருடைய டாக்டர். அப்படியானால் எலியை நம்பியே வாழும் காட்டு விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன, அவற்றிடமிருந்து நமக்கு ஏதாவது தொற்றுமா என்று கேட்கிறார்.

முதலில் நேரான பதில். கிண்டியில் யாரும் மருந்து கொடுப்பதில்லை, கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. உலகத்தில் சில ஊர்களில் காட்டில் திரியும் நரிகளுக்கு இரையில் மருந்து வைத்துப் போடுகிறார்கள். அதுவும் நரியின் உடம்பு தேற வேண்டும் என்பதற்காக அல்ல, மனிதன் தப்பிக்க வேண்டும் என்பதற்காக. நாடாப்புழுவின் கணக்கில் இரைகொல்லிக்கு நஷ்டம் மிகக் குறைவு. நஷ்டமெல்லாம் எலிக்கு. எலியின் இடத்தில் தவறிப்போய் மனிதன் உட்கார்ந்துவிடும்போதுதான் நமக்கு ஆபத்து.

நான் சென்னையில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில்தான் ஒட்டுண்ணிப் பாடமும் படித்தேன். அதனால் இந்தப் பதிலில் புழு கொஞ்சம் தாராளமாகவே வரும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வரவும்.

பூனைக்கு எலியிலிருந்து வரும் நாடாப்புழுவின் பெயர் ஹைடாடிஜெரா டீனியேஃபார்மிஸ். பழைய பாடப்புத்தகங்களில் டீனியா டீனியேஃபார்மிஸ் என்று இருக்கும். இதைப் பூனையிடம் பார்ப்பதைவிட எலியிடம் பார்ப்பதுதான் சுவாரசியம். பெருச்சாளியின் வயிற்றைத் திறந்தால் கருஞ்சிவப்பான கல்லீரலின் மேல் வெளிறிய கொப்புளம் ஒன்றோ இரண்டோ புடைத்துக்கொண்டிருக்கும். குறுக்களவு ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் இருக்கலாம். மேல்தோலைக் கத்தி முனையால் கீறி, பக்கத்தில் லேசாக அழுத்தினால் உள்ளே மடிந்து கிடந்த வெள்ளைப் புழு நழுவி வெளியே வரும். வெதுவெதுப்பான உப்பு நீரில் விட்டால் மெல்ல நெளிந்து நீளும். சிலது ஒரு விரல்கடை, சிலது ஒரு சாண்கூட. தலையில் நான்கு உறிஞ்சிகள், உச்சியில் இரண்டு வரிசைக் கொக்கிகள், பின்னால் கணுக்கணுவாக உடல், கடைசி நுனியில் ஒரு சின்ன நீர்ப்பை. மற்ற நாடாப்புழுக்களின் இளம்பருவம் பெரும்பாலும் வெறும் நீர்ப்பையும் அதற்குள் ஒரு தலையுமாகத்தான் இருக்கும். இதுவோ எலிக்குள்ளேயே முக்கால்வாசிப் புழுவாகி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு வளர்ந்தும் பூனையின் வயிற்றுக்குள் போனவுடன் பின்னுடல் செரித்துப் போகிறது. தலை மட்டும் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து வளர்கிறது. எலிக்குள் அவ்வளவு நீளத்தை வளர்த்ததெல்லாம் எதற்கென்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

எலிக்குள் அது எப்படிப் போகிறது? பூனையின் மலத்தோடு புழுவின் கணுக்கள் வெளியேறுகின்றன. அவற்றிலிருந்து சிதறும் முட்டை ஒன்று ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மண்ணிலோ தானியத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும் அதை எலி தின்கிறது. குடலில் முட்டை உடைந்து, ஆறு கொக்கிகள் கொண்ட கரு வெளியே வந்து, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய்த் தங்கிவிடுகிறது. பூனையைத் தொற்றும் பக்குவம் வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். பக்குவம் வந்தவுடனே பூனை அந்த எலியைப் பிடித்தாக வேண்டும் என்பதில்லை, ஆனால் காட்டிலும் தெருவிலும் எலியின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டாது என்பதால் புழுவுக்கு நிதானமாகக் காத்திருக்கவும் வழியில்லை.

எலிக்குத் திண்டாட்டம், பூனைக்குக் கொண்டாட்டம் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. குடலில் இருக்கும் முதிர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. பூனை செரித்து வைத்ததைத் தோலாலேயே உறிஞ்சிக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும். நன்றாகச் சாப்பிடும் பூனைக்குப் பல நேரம் எந்த அறிகுறியும் தெரியாது. எலியின் கதை வேறு. புழு நெடுநாள் தங்கிய கல்லீரலில் கொப்புளச் சுவரே புற்றாக மாறலாம். 1920இல் நியூயார்க்கில் புல்லக், கர்ட்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பூனையின் நாடாப்புழு முட்டைகளை எலிகளுக்கு ஊட்டி, கல்லீரலில் சதைப்புற்று வருவதைக் காட்டினார்கள். அதே காலத்தில் டென்மார்க்கின் ஃபிபிகர், கரப்பான் வழியாக எலிக்குப் போகும் ஓர் உருளைப்புழுதான் இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்று சொல்லி 1926ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையும் வாங்கினார். அவர் முடிவு பின்னாளில் தவறென்று ஆயிற்று. நாடாப்புழுவும் எலியின் கல்லீரலும் பற்றிய முடிவோ நிலைத்தது. அவர்களுக்குப் பரிசு ஒன்றும் வரவில்லை. விஞ்ஞானத்திலும் அதிர்ஷ்டம் உண்டு.

இன்னொரு விஷயமும் எலியிடம் கவனித்தார்கள். ஒரு முறை இந்தப் புழு கல்லீரலில் குடியேறிவிட்டால், அடுத்து வரும் முட்டைகளை எலியின் உடம்பு பெரும்பாலும் விடுவதில்லை. முன்னால் வந்தவன் பத்திரமாக இருக்கிறான், பின்னால் வருகிறவன்தான் சாகிறான். 1930களில் எலிகளிடம் செய்த இந்த வகை ஆராய்ச்சிதான் பின்னாளில் ஆடுகளுக்கு நாடாப்புழுத் தடுப்பூசி வர அடித்தளம் போட்டது. செம்மறியாட்டின் டீனியா ஓவிஸ் புழுவுக்கு எதிராக மரபணு முறையில் செய்த தடுப்பூசி பற்றிய ஆய்வு 1989இல் வெளியாயிற்று. ஒட்டுண்ணி ஒன்றுக்கு எதிராக அந்த முறையில் வெற்றி பெற்ற முதல் தடுப்பூசி அதுதான்.

சென்னை வீடுகளுக்கு வருவோம். மேற்கு மாம்பலத்தில் ஒரு அம்மா பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டாக்டர், இது படுத்து எழுந்த இடத்தில் அரிசி அரிசியாக விழுகிறது. மாடியில் எலியைப் பிடித்துத் தின்றதால்தானே?" என்றார். "எலி வேண்டாம் அம்மா, முதலில் காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பாருங்கள்" என்றேன். கறுப்பாக ஓடியது தெள்ளுப்பூச்சி. இந்த ஊரில் பூனையிடமிருந்து அரிசி போல உதிர்வது பெரும்பாலும் டிபிலிடியம் என்ற வேறொரு நாடாப்புழு. அதற்கு எலி தேவையில்லை, தெள்ளுப்பூச்சி போதும். பூனை தன்னை நக்கும்போது பூச்சியை விழுங்குகிறது, இரண்டு மூன்று வாரத்தில் புழு தயார். மாத்திரை கொடுத்துவிட்டுத் தெள்ளுப்பூச்சியை விட்டுவைத்தால் அடுத்த மாதமே மறுபடியும் வருவார்கள். எலிவழிப் புழுவின் கணு அதைவிடப் பெரிது, சற்றுச் சதுரமாக, தட்டையாக இருக்கும். இரண்டுக்கும் பிராசிகுவான்டெல் மாத்திரையே நன்றாக வேலை செய்யும். அளவை எடை பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

எலியால் மனிதருக்கு வருவதும் ஒன்று உண்டு. ஹைமெனோலெபிஸ் டிமினூட்டா என்ற நாடாப்புழுவுக்கு எலியே இரைகொல்லியின் இடத்தில் இருக்கிறது. இடைநிலை உயிரி, அதாவது புழுவின் இளம்பருவம் தங்கும் உயிரி, மாவிலும் அரிசியிலும் வரும் வண்டு. எலிப்புழுக்கையைத் தின்ற வண்டை எலி தின்கிறது. சில சமயம் சரியாகச் சலிக்காத மாவில் குழந்தையும் தின்றுவிடுகிறது. பெரிய நோய் ஒன்றும் இல்லை, அரிசி டப்பாவை இறுக மூடி வைத்தால் போதும்.

கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம். மான்களைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் நரி, காட்டுப்பூனை, புனுகுப்பூனை, மரநாய், கீரி எல்லாம் அங்கே உண்டு. இவற்றில் எலியை அதிகம் நம்புவது காட்டுப்பூனை. வீட்டுப் பூனையின் அதே புழு அதற்கும் பொருந்தும். மரநாய் இராத்திரியில் உங்கள் வீட்டு மேற்கூரையில் தடதடவென்று ஓடிப் பயமுறுத்தினாலும் பெரும்பாலும் பழந்தின்னி. நரி கிடைத்ததைத் தின்னும்: எலி, நண்டு, இலந்தைப் பழம், செத்த மான். காட்டில் கொழுத்துத் திரியும் ஒரு விலங்கின் குடலில் சில நாடாப்புழுக்கள் இருப்பது நோய் அல்ல, அது என்ன தின்றது என்பதற்கான சாட்சி. காட்டு விலங்கின் மலத்தில் என்ன முட்டை இருக்கிறது என்று பார்ப்பதும் அந்தக் காட்டில் யார் யாரைத் தின்கிறார்கள் என்று அறிய ஒரு வழி.

அப்படியானால் மருந்து வைக்கும் ஊர்கள் எவை? அங்கேதான் எக்கினோகாக்கஸ் மல்டிலோக்குலாரிஸ் வருகிறது. முதிர்ந்த புழு ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டாது. செந்நரி ஒன்றின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நரி சுகமாக இருக்கும். இடைநிலை உயிரி வோல் எனப்படும் குட்டைவால் வயல் எலி. அதன் கல்லீரலில் இந்தப் புழுவின் இளம்பருவம் கட்டியாகப் பரவும். மனிதன் முட்டையை விழுங்கினால் அவன் கல்லீரலிலும் அதேதான் நடக்கும். ஐந்து முதல் பதினைந்து ஆண்டு சத்தமில்லாமல் வளர்ந்து, வைத்தியம் பார்க்காவிட்டால் பெரும்பாலும் ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கட்டியைப் புற்று என்றே நம்பியிருந்த காலத்தில், அது ஒட்டுண்ணி என்று 1855இல் சொன்னவர் ஜெர்மனியின் ஃபிர்ஷோ.

ஜப்பானின் வடக்கே ரெபுன் என்று ஒரு தீவு. 1920களில் அங்கே வோல் எலிகளின் தொல்லையை ஒழிக்கவும் தோலுக்காகவும் குரில் தீவுகளிலிருந்து செந்நரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எலியைத் தின்ன நரி வந்தது, நரியோடு புழுவும் வந்தது. 1930களில் தீவு மக்களிடம் நோய் தெரிய ஆரம்பித்து, மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. பிறகு தீவிலிருந்த நரிகளையும் நாய்களையும் ஒழித்துக் கட்டினார்கள். ஆனால் 1960களில் பக்கத்துப் பெரிய தீவான ஹொக்காய்டோவின் கிழக்கில் அதே புழு தென்பட்டு, மெல்ல அந்தத் தீவு முழுவதும் பரவியது. எலியை ஒழிக்க ஒரு விலங்கை இறக்குமதி செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எனக்கு ரெபுன்தான் ஞாபகம் வரும்.

ஹொக்காய்டோவிலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்திலும் பிராசிகுவான்டெல் வைத்த இரையை நரிகள் நடமாடும் இடங்களில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை போட்டால்தான் முழுப் பலன். ஏனென்றால் மருந்து அன்றைக்கு இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுநாளே நரி இன்னொரு வோலைத் தின்று புதுப் புழுவை ஏற்றிக்கொள்ளும். அந்தப் புழு முட்டையிட ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், அதற்குள் அடுத்த இரை போய்ச் சேர வேண்டும். நிறுத்தினால் சில ஆண்டுகளில் பழையபடி ஆகிவிடும். அந்த முட்டைக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. அதனால் அங்கே ஆய்வகங்களில் நரிக் குடலை மைனஸ் 80 டிகிரியில் சில நாள் வைத்த பிறகுதான் திறக்கிறார்கள். வறட்சியும் வெயிலும்தான் அதற்கு எமன்.

இது குளிர்ந்த வட நாடுகளின் புழு. கிண்டி நரியைப் பார்த்து நீங்கள் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. நம் ஊரில் அஞ்ச வேண்டியது இதன் உறவினனான எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். மனிதருக்கு நுரையீரலிலும் கல்லீரலிலும் நீர்க்கட்டி வைப்பது அதுதான். அதன் சுற்றில் எலிக்கு வேலையே இல்லை, ஆடு, மாடு, எருமை, நாய் இவைதான். கட்டி இருந்த ஈரலையும் நுரையீரலையும் இறைச்சிக் கடைக்காரர் வெட்டித் தெருநாய்க்கு வீசுவதில்தான் சுற்று ஓடுகிறது. காட்டுப்பூனையைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில் உங்கள் தெருக் கடையில் கழிவு எங்கே போகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. நாயைத் தடவிய கையைச் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சையாகத் தின்னும் கீரையையும் காயையும் நன்றாக அலசுங்கள்.

இனி உங்கள் பூனை. எலி பிடிப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். உங்கள் டாக்டர் சொன்ன மூன்று மாதக் கணக்கு நியாயமானதுதான். அடுத்த முறை கணு ஏதாவது விழுந்தால் துடைத்து எறிந்துவிடாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, சின்னக் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் உப்பு நீர் விட்டு அதில் போட்டு மூடி, அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள். காய்ந்து சுருங்கிவிட்டால் எது தெள்ளுப்பூச்சிப் புழு, எது எலிப்புழு என்று பார்ப்பது கடினம். முட்டையை மட்டும் வைத்து டீனியாவா எக்கினோகாக்கஸா என்று நுண்ணோக்கியில் பிரிக்க யாராலும் முடியாது, மரபணுச் சோதனைதான் வழி. பூனைக்கு அதெல்லாம் தேவைப்படாது. கணுவின் வடிவமே சொல்லிவிடும்.