ரன்மா ½: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ருமிகோ தகாஹாஷியின் ‘ரன்மா ½’ மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கதையின் முடிவைத் தொடும் பதில் ஒன்று உண்டு. அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். என்ன கதை?

ரன்மா பதினாறு வயதுப் பையன். அப்பா கென்மாவோடு தற்காப்புக்கலைப் பயிற்சிக்காகச் சீனாவுக்குப் போன இடத்தில், ஜுசென்க்யோ என்ற சபிக்கப்பட்ட ஊற்றுகளில் இருவரும் விழுந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஊற்றிலும் என்றைக்கோ ஏதோ ஓர் உயிர் மூழ்கிச் செத்திருக்கிறது. அதில் விழுகிறவருக்கு அந்த உருவம் ஒட்டிக்கொள்ளும். மகனுக்குப் பெண் உருவம், அப்பாவுக்குப் பாண்டா. பச்சைத் தண்ணீர் பட்டால் மாறுவார்கள், வெந்நீர் பட்டால் பழையபடி ஆவார்கள்.

தோக்கியோவின் நெரிமா பகுதியில் இருக்கும் தெந்தோ வீட்டில் மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தியை ரன்மாவுக்குக் கட்டிவைப்பதாக இரண்டு அப்பாக்களும் எப்போதோ பேசிவைத்திருக்கிறார்கள். மூத்தவர்கள் இருவரும் நைசாக நழுவி, கடைக்குட்டி அகானேயின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவளுக்கோ ஆண்களைக் கண்டாலே ஆகாது.

கேள்வி: தண்ணீர் பட்டால் பெண் என்ற ஒரே ஜோக்கை வைத்துக்கொண்டு 38 தொகுதி ஓட்ட முடியுமா? அலுக்காதா?

எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் தகாஹாஷி ஜோக்கை நம்பி எழுதவில்லை, விதியை நம்பி எழுதினார். பச்சைத் தண்ணீர், வெந்நீர், அவ்வளவுதான் விதி. அதை அவர் எங்கேயும் தளர்த்துவதில்லை. அதனால் மழை, வாளி, வீட்டுக் குளம், தேநீர்க் கெண்டி எல்லாமே கதாபாத்திரங்கள் ஆகிவிடுகின்றன. தெருவில் அகப்பையால் தண்ணீர் தெளிக்கும் ஒரு பாட்டி வருவார். அவருக்குக் கதையில் வேறு வேலையே கிடையாது. சரியாக ரன்மா கடக்கும்போது தெளிப்பார்.

பிறகு சாபத்தை ஒவ்வொருவருக்கும் ஏற்றமாதிரி பங்கு போடுகிறார். ரன்மாவின் எதிராளி ரியோகாவுக்குத் திசையே தெரியாது. தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனைக்குச் சண்டை போட வர அவனுக்கு நான்கு நாள் ஆனது. மூன்று நாள் காத்திருந்த ரன்மா கிளம்பிவிட்டான். அந்தக் கோபத்தில் அவனைத் துரத்திச் சீனாவரை போன ரியோகா, ஊற்றில் விழுந்து கறுப்புப் பன்றிக்குட்டி ஆகிறான். அந்தக் குட்டியை அகானே செல்லமாக வளர்க்கிறாள், கட்டிக்கொண்டு தூங்குகிறாள். அது யார் என்பது ரன்மாவுக்குத் தெரியும். ஆனால் வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். ஷாம்பூ என்ற சீனப் பெண் பூனையாவாள். ரன்மாவுக்குப் பூனை என்றால் உயிர் போகும் பயம்; சின்ன வயதில் பயிற்சி என்ற பெயரில் அப்பா அவனைப் பசித்த பூனைகள் நிறைந்த குழியில் தள்ளிவிட்டிருக்கிறார். தன்னைக் காதலிக்கிறவள் பூனையாகித் தாவி வந்தால் அவன் எங்கே ஓடுவான்?

ஆரம்பக் குளியலறைக் காட்சி ஒன்றைப் பார்த்தாலே அவர் கைவரிசை தெரியும். பெண்ணாக வீட்டுக்குள் வந்த ரன்மா வெந்நீர்த் தொட்டியில் இறங்கி ஆணாகிவிடுகிறான். உள்ளே இருப்பது பெண் என்று நினைத்து அகானே கதவைத் திறக்கிறாள். இருவரும் பேசாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகிறாள். அலறல் அதற்கு அப்புறம்தான். அந்த நிதானத்தில்தான் சிரிப்பு.

கேள்வி: இந்த யோசனை அவருக்கு எப்படி வந்தது?

அதுவரை அவர் பெரும்பாலும் பெண் பாத்திரங்களை வைத்தே எழுதியிருந்தார். இந்த முறை நாயகன் ஆணாக இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டு, ஆணை வைத்து எழுத வருமா என்ற தயக்கத்தில் பாதிப் பெண்ணாக்கிவிட்டார். ஜப்பானியப் பொதுக் குளியலிடங்களில் ஆண், பெண் பகுதிகளுக்குத் தனித்தனித் திரை தொங்கும். அங்கிருந்து தண்ணீருக்குப் போய், தண்ணீரிலிருந்து சீன ஊற்றுகளுக்குப் போனார். 1987 ஆகஸ்டில் ‘ஷோனென் சண்டே’ வார இதழில் தொடங்கி 1996 மார்ச் வரை 407 அத்தியாயங்கள் வந்தன.

கேள்வி: பழைய அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்), புது அனிமே, மாங்கா. எதில் ஆரம்பிப்பது?

2024 தொடரில் ஆரம்பியுங்கள். மாப்பா ஸ்டூடியோ எடுத்தது, இயக்கம் கோனோசுகே உதா, நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. முதல் பருவம் 12 பகுதிகள், 2025 அக்டோபரில் இரண்டாவது வந்தது. மாங்காவின் வரிசையை ஒட்டிப் போகிறது. பழைய தொடரில் அப்படி இல்லை. மாங்காவில் ஷாம்பூ வருவதற்கு முன்பே முடிந்துவிடும் பனிச்சறுக்குப் போட்டியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

பழையது 1989இல் தொடங்கியது. முதல் 18 பகுதிகளுக்கு வரவேற்பு போதவில்லை. அதே ஆண்டு பெயரையும் நேரத்தையும் மாற்றி மறுபடி விட்டார்கள், அது பிடித்துக்கொண்டு 1992 வரை 143 பகுதிகள் ஓடியது. மாங்காவில் இல்லாத இட்டுநிரப்பல் நிறைய. ஆனாலும் அந்தக் காலத்து வண்ணமும் இசையும் தனி ருசி. ரன்மாவின் அம்மாவை அதில் தேடாதீர்கள். அவர் பின்னால், தொலைக்காட்சிக்கு வராமல் நேரே வீடியோவாக வெளியான படங்களில்தான் வருகிறார்.

கேள்வி: குரல்கள் மாறிவிட்டதா?

முக்கியமானவை மாறவில்லை, இதுதான் அதிசயம். ஆண் ரன்மாவுக்குக் கப்பெய் யமாகுச்சி, பெண் ரன்மாவுக்கு மெகுமி ஹயாஷிபாரா, அகானேவுக்கு நோரிகோ ஹிதாகா. 35 வருடம் கழித்தும் அதே மூவர். ரியோகாவுக்கு மறுபடியும் கோயிச்சி யமாதெரா. அகானே பின்னால் சுற்றும் மாணவன் குனோவுக்குப் பேசிய ஹிரோதாகா சுசுவோகி 2006இல் இறந்துவிட்டதால், அந்த இடத்தில் தொமொகாசு சுகிதா.

கேள்வி: அகானே எதற்கெடுத்தாலும் அடிக்கிறாள். இதெல்லாம் காதலா?

அடிப்பது உண்மை, சில இடங்களில் எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் அவன் வாயும் லேசுப்பட்டதில்லை. அகானேயைப் புரிந்துகொள்ள அவள் கூந்தல் போகும் இடத்தைப் படியுங்கள். டாக்டர் தோஃபு மேல் அவளுக்கு ரகசிய ஆசை. அவருக்கோ அக்கா கசுமி மேல். கசுமி மாதிரி இருக்க வேண்டும் என்று அகானே முடி வளர்க்கிறாள். ரன்மாவும் ரியோகாவும் போடும் சண்டையில் தெறித்து வந்த ஒரு தலைத்துணி அந்தக் கூந்தலை வெட்டிவிடுகிறது. இருவருக்கும் ஒவ்வொரு அடி கொடுத்துவிட்டு டாக்டரிடம் போய் அழுகிறாள். அப்புறம் ரன்மா, குட்டை முடிதான் உனக்கு நன்றாக இருக்கிறது என்கிறான். அவனால் முடிந்த மன்னிப்பும் காதலும் அவ்வளவுதான்.

கேள்வி: திருநர் கதையாக இதைப் படிக்கலாமா?

தாராளமாக, ஆனால் எழுதியவர் மேல் அந்த நோக்கத்தை ஏற்றாதீர்கள். ரன்மா கடைசிவரை தன்னை ஆண் என்றேதான் சொல்கிறான். அதே ரன்மா, ஆணாகப் போய்ச் சாப்பிட வெட்கமாக இருக்கிறது என்று பெண்ணாக மாறிப்போய் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். கதை தனக்கே தெரியாமல் சொல்லிவிடும் விஷயம் எனக்கு இங்கேதான் பிடிக்கிறது.

கேள்வி: பையனுக்குப் பன்னிரண்டு வயது. காட்டலாமா?

நீங்கள் முதலில் பாருங்கள். மாங்காவிலும் பழைய அனிமேயிலும் நிர்வாணம் ஒளிவுமறைவில்லாமல் வரும். புதியதில் மழுப்பி வரைந்திருக்கிறார்கள். உள்ளாடை திருடும் ஹப்போசாய் கிழவர் வேறு இருக்கிறார். அன்று சிரித்தார்கள், இன்று எனக்கு அவர் வரும் அத்தியாயங்களைத் தாண்டிப் போகத்தான் தோன்றுகிறது.

கேள்வி: நிஜ நடிகர்கள் நடித்தது ஒன்று இருக்கிறதாமே?

2011இல் ஜப்பான் தொலைக்காட்சிக்கு எடுத்தது. அகானேவாக யுயி அரகாகி. ஆர்வக்கோளாறு இருந்தால் பாருங்கள்.

கேள்வி: கடைசியில் கல்யாணம் நடக்குமா, நடக்காதா?

முடிவு தெரிய வேண்டாம் என்றால் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

மண்டபம் வரை வருகிறது. சாபம் தீர்க்கும் ஊற்றுநீரும் வந்துசேர்கிறது. வந்தவர்கள் அதற்கு அடித்துக்கொள்ள, கல்யாணமும் கெட்டு, தண்ணீரும் போகிறது. ஏமாற்றிவிட்டார் என்று பலருக்குக் கோபம். எனக்கு இல்லை. இதற்கு முந்தைய, சாஃப்ரன் என்ற எதிரியோடு மோதும் கதையில், அகானே செத்துவிட்டாள் என்று நினைத்து ரன்மா மனதுக்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறான். சொல்ல வேண்டியது அங்கேயே சொல்லியாகிவிட்டது.

கேள்வி: முடித்தாயிற்று அக்கா. அடுத்து?

இன்னும் கூத்து வேண்டுமென்றால் ‘உருசெய் யாட்சுரா’, ரன்மாவுக்கு முந்தையது. பெரியவர்களின் காதல் வேண்டுமென்றால் ‘மேசோன் இக்கோகு’, 15 தொகுதிதான், பேயும் இல்லை சாபமும் இல்லை. ரன்மா முடிந்த 1996இலேயே தொடங்கியது ‘இனுயாஷா’. அதற்கு முன்னால் நீண்ட விடுமுறை கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 56 தொகுதி.